லோட்ஷெட்டிங்கைக் காட்டி 66,500 ராண்டைச் சுருட்டிவிட்டார்கள்: ஜோகன்னஸ்பர்க் பக்கம் இருப்பவர்கள் கவனம்

வீட்டில் சோலார் மாட்ட அட்வான்ஸாகக் கொடுத்த 66,500 ராண்ட். நம்மூர்க் கணக்கில் கிட்டத்தட்ட மூன்று லட்ச ரூபாய். போய்விட்டது. நேற்று மதியம் நேரிலேயே கேட்டுவிடலாம் என்று கடைக்குப் போனால் ஷட்டர் இறக்கியிருக்கிறது, போர்டையே கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். பக்கத்து டயர் கடைக்காரர், "நீங்களும் சோலாரா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறார். எனக்கு முன்னாலேயே நிறையப் பேர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள் போல. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சோலார் போடுபவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

கடைப் பெயரைப் போட மாட்டேன். தெரிந்த வக்கீல் ஒருவர், "பெயரைப் போட்டால் அவன் உன் மேல் கேஸ் போடுவான், வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறார். நகரத்தின் வடக்குப் பக்கம், கிடங்குகள் வரிசையாக இருக்கும் ஒரு தெருவில், இன்வர்ட்டர், பேட்டரி, சோலார் பேனல் எல்லாம் விற்று மாட்டியும் தரும் கடை. இந்த இரண்டு வருடத்தில் தெருவுக்குத் தெரு முளைத்த ரகம்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்காக ஒரு விளக்கம். இங்கே தென்னாப்பிரிக்காவில் மின்சாரம் எஸ்காம் என்கிற அரசு நிறுவனத்திடமிருந்து வருகிறது. உற்பத்தி போதாதபோது பகுதி பகுதியாக முறை வைத்துக் கரண்டை நிறுத்துவார்கள், அதற்குப் பெயர் லோட்ஷெட்டிங். ஸ்டேஜ் 1 என்றால் நாடு முழுக்க 1,000 மெகாவாட் குறைக்கிறார்கள், ஸ்டேஜ் 6 என்றால் 6,000. ஸ்டேஜ் 6 வந்தால் ஒரு நாளில் எட்டு, பத்து மணி நேரம் வீட்டில் கரண்ட் இருக்காது. 2022-ல் 200 நாளுக்கு மேல் இப்படி. 2023 அதையும் தாண்டிவிட்டது.

நாங்கள் வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறோம், வார இறுதியில் சாப்பாடும் உண்டு. ஜூலையில் இங்கே ராத்திரி நேரம் நடுங்கும் குளிர். மாவைச் சும்மா வெளியே வைத்தால் மறுநாள் சாயங்காலம் ஆனாலும் பொங்காது. ஓவனுக்குள் வைத்து, உள்ளே இருக்கும் சின்ன லைட்டைப் போட்டு விடுவேன், அந்தச் சூட்டில்தான் பொங்கும். கரண்ட் போனால் அந்த லைட்டும் போச்சு. கிரைண்டர் பாதியில் நின்றால் அந்த ஈடு உளுந்து அவ்வளவுதான், வடைக்குக்கூட ஆகாது. ஃப்ரீசரில் வைத்த சாம்பார் உருகி, மறுபடி உறைந்து, மறுபடி உருகி, கொட்டியது எத்தனை வாளி என்று கணக்கே வைக்கவில்லை. அதனால்தான் சோலாருக்குப் போனோம். ஆடம்பரத்துக்கு இல்லை.

கடைக்காரரைத் தெரிந்தவர்கள் வாட்ஸ்ஆப் குழு ஒன்றில் சொன்னார்கள். டர்பன் பக்கத்துத் தமிழ்க் குடும்பம், கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் வந்தவராம். தமிழ் பேச வராது, ஆனால் என்னை 'அக்கா' என்பார், இவரை 'அண்ணா' என்பார். கல்லாவுக்குப் பின்னால் முருகன் படம், அதற்குப் பக்கத்தில் அவர் காவடி எடுத்த போட்டோ. நாங்கள் போன நேரத்தில் கடையிலேயே கரண்ட் இல்லை. ஒரு இன்வர்ட்டரில் கெட்டிலைப் போட்டு டீ கொடுத்தார். "பார்த்தீங்களா அக்கா, இதுதான் டெமோ" என்றார்.

அப்புறம் எஸ்காம் பேச்சை எடுத்தார் பாருங்கள், ஒரு மணி நேரம். அவர் சொன்னதில் ஒரு பொய் கிடையாது, எரிச்சலே அதுதான். வீட்டுக்கு வந்து நானும் தேடிப் படித்துப் பார்த்தேன், அத்தனையும் உண்மை. 1998-லேயே அரசாங்கத்தின் சொந்த வெள்ளை அறிக்கை, இப்போதே புதிய நிலையங்களுக்கு முடிவெடுக்காவிட்டால் 2007 வாக்கில் மின்சாரம் போதாது என்று சொல்லியிருக்கிறது. யாரும் கண்டுகொள்ளவில்லை. சொல்லி வைத்தது போல 2007 கடைசியில் தட்டுப்பாடு வந்தது, அதிபர் தாபோ எம்பெக்கியே "எஸ்காம் சொன்னது சரி, நாங்கள்தான் தவறு" என்று ஒப்புக்கொண்டார். 2008 ஜனவரியில் தங்கச் சுரங்கங்களையே சில நாள் மூடினார்கள். அப்புறம் அவசர அவசரமாக மெடுபி, குசிலே என்று இரண்டு ராட்சச அனல்மின் நிலையங்கள். கட்டினார்கள், கட்டினார்கள், பதினைந்து வருடம் ஆகியும், 2023-ல்கூட குசிலே முழுதாக முடிந்திருக்கவில்லை. பாய்லர் ஒப்பந்தம் எடுத்த ஹிட்டாச்சியின் உள்ளூர் கம்பெனியில் ஆளும் கட்சியின் முதலீட்டு நிறுவனத்துக்கே 25 சதவீதப் பங்கு. இந்த விஷயத்தில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்துக்கு 2015-ல் ஹிட்டாச்சி 1.9 கோடி டாலர் அபராதம் கட்டியது. மெடுபியில் ஒரு யூனிட் 2021-ல் வெடித்தது, குசிலேயில் 2022 அக்டோபரில் புகைபோக்கிக் குழாய் இடிந்து விழுந்து மூன்று யூனிட் படுத்துவிட்டது.

அப்புறம் குப்தா சகோதரர்கள். வட இந்தியாவின் சகரன்பூரிலிருந்து வந்து முன்னாள் அதிபர் ஜூமாவின் நிழலில் வளர்ந்தவர்கள். இதைச் சொல்லும்போது கடைக்காரருக்குக் குரலே மாறிவிட்டது. "அவங்க பண்ணினதுக்கு எங்க எல்லாரையும் ஒரே மாதிரி பார்க்கிறாங்க அண்ணா" என்றார். 2016 ஏப்ரலில் அவர்களுடைய டெகெட்டா கம்பெனி ஆப்டிமம் நிலக்கரிச் சுரங்கத்தை வாங்கப் போனது, பணம் குறைந்தது, பேங்க் கொடுக்கவில்லை. அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு எஸ்காமின் டெண்டர் கமிட்டி அவசரக் கூட்டம் போட்டு, இனிமேல் வரப்போகும் நிலக்கரிக்கு என்று 65 கோடி ராண்டுக்கு மேல் அட்வான்ஸ் கொடுக்கச் சம்மதித்தது. எஸ்காம் பணத்திலேயே எஸ்காமுக்கு விற்கும் சுரங்கத்தை வாங்கிக்கொண்டார்கள். ஜூமா காலத்து ஊழலை விசாரித்த ஸோண்டோ ஆணையத்தின் விசாரணையில் இதெல்லாம் பக்கம் பக்கமாக வந்திருக்கிறது. அண்ணன் தம்பி இரண்டு பேரைத் துபாயில் பிடித்தும், இங்கே அனுப்ப முடியாது என்று அந்த நாட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

"அட்வான்ஸ் வாங்கியே நாட்டை முடிச்சிட்டாங்க அக்கா" என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் எங்களிடம் 70 சதவீதம் அட்வான்ஸ் கேட்டார்.

மொத்தம் 95,000 ராண்ட். 5 கிலோவாட் இன்வர்ட்டர், புது லித்தியம் பேட்டரி, ஆறு பேனல், மாட்டும் கூலி. அதில் 70 சதவீதம், 66,500. "ரசீது இல்லாம நான் ஒரு ஸ்க்ரூ கூட விற்க மாட்டேன், நாங்க எஸ்காம் இல்லை" என்று சிரித்துக்கொண்டே பில் அடித்தார். அரசாங்கம் சோலாருக்கு 25 சதவீத வரிச் சலுகை கொடுக்கிறது, 95,000-க்கு 23,750 திரும்ப வந்துவிடும் என்று பில்லின் பின்பக்கத்தில் பேனாவால் கணக்குப் போட்டு இரண்டு கோடு இழுத்தார். அந்தத் தாள் இப்போது என் முன்னால் இருக்கிறது. 2023-ல் அந்தச் சலுகை இருந்தது உண்மைதான். ஆனால் அது பேனலுக்கு மட்டும், அதிகபட்சம் 15,000, இன்வர்ட்டருக்கும் பேட்டரிக்கும் ஒரு சென்ட் கிடையாது. பேனல் புதிதாக இருக்க வேண்டியிருந்தது, மாட்டியது சரியாக இருக்கிறது என்று எலக்ட்ரீஷியன் கொடுக்கும் தகுதிச் சான்றிதழும் வேண்டியிருந்தது. இது அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

பணம் போன அன்று "தேங்க்யூ அக்கா, முருகன் துணை" என்று மெசேஜ் வந்தது. அதற்கப்புறம் வந்தது எல்லாம் காரணங்கள். கன்டெய்னர் டர்பன் துறைமுகத்தில் நிற்கிறது, துறைமுகமும் அரசாங்கத்துடையதுதானே, நான் என்ன செய்ய. வயரிங் ஆளுக்கு உடம்பு சரியில்லை. வேனுக்கு டயர் பஞ்சர். சீனாவில் லித்தியம் விலை ஏறிவிட்டது. ஒரு வழியாக இரண்டு பையன்கள் வந்து இன்வர்ட்டரையும் பேட்டரியையும் சுவரில் மாட்டிவிட்டு, பேனல் அடுத்த வாரம் என்று போனார்கள்.

கரண்ட் போனதும் ஆன் ஆனது. வீட்டில் ஒரே சந்தோஷம். நாற்பது நிமிஷம்கூட நிற்கவில்லை, கிரைண்டரைப் போட்டதும் 'பீப் பீப்' என்று கத்திவிட்டு இருட்டு. போன் போட்டால், "கரண்ட் அடிக்கடி போறதால பேட்டரி முழுசா சார்ஜ் ஆகலை, எஸ்காமைத்தான் திட்டணும்" என்கிறார். கொஞ்சம் பழகட்டும், சரியாகிவிடும் என்கிறார். பேட்டரி என்ன புது மாட்டுப்பெண்ணா, பழகுவதற்கு? பேனல் எங்கே என்று கேட்டால் மீதி 28,500 கட்டினால்தான் வண்டி ஏற்றுவேன் என்றார். கொடுக்க முடியாது என்றோம். அன்றிலிருந்து 'அக்கா' போய் 'மேடம்' ஆகிவிட்டேன். அப்புறம் ஒரு பெண் போனை எடுத்து, சார் மீட்டிங்கில் இருக்கிறார் என்பாள். அப்புறம் ரிங் போகும், எடுக்க மாட்டார்கள். அப்புறம் ரிங்கும் போகவில்லை.

வேறொரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டினோம். பேட்டரியின் பக்கவாட்டில் பளபளவென்று ஒரு ஸ்டிக்கர், மாடல் நம்பர் எல்லாம் போட்டு. ஒரு மூலை லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. அவர் நகத்தால் அதைப் பிடித்து மெதுவாக உரித்தார். அடியில் சாம்பல் நிறப் பெயின்ட், அதைச் சுரண்டினால் பழைய ஸ்டிக்கரின் பசை, வேறொரு சீரியல் நம்பர். நான்கு திருகுகளில் இரண்டு துருப்பிடித்தவை, இரண்டு புதியவை. "இது மொபைல் டவர் பேட்டரி" என்றார். லோட்ஷெட்டிங் நேரத்தில் டவர் ஓடுவதற்காக வைத்திருக்கும் பேட்டரிகளை ராத்திரியில் அறுத்துக்கொண்டு போய் விற்கும் கும்பல்கள் இருக்கின்றன, இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அதாவது என் வீட்டுச் சுவரில் திருட்டுச் சாமான் தொங்குகிறது. அவர் அதைத் தொடவே மறுத்துவிட்டார். சான்றிதழ் இல்லாமல் இது தீப்பிடித்தால் இன்சூரன்ஸ்காரன் கையை விரித்துவிடுவான் என்று மெயின் ஸ்விட்சிலிருந்து கழற்றிவிட்டுப் போனார்.

நிலக்கரி லாரியை வழியில் நிறுத்தி நல்ல கரியை இறக்கிவிட்டு, கல்லும் கழிவும் ஏற்றி எஸ்காமுக்கு அனுப்புவார்களாம். அதையும் இந்த ஆள்தான் டீ குடித்துக்கொண்டே எங்களுக்குச் சொன்னார்!

போலீஸ் ஸ்டேஷனில் ஒரு கேஸ் நம்பர் மட்டும் கொடுத்து, "சாமான் கொடுத்திருக்கிறாரே, இது சிவில் விவகாரம்" என்று அனுப்பிவிட்டார்கள். திருட்டு பேட்டரி என்று சொன்னால், அப்படியானால் அதை வைத்திருப்பது நீங்கள்தானே என்று என்னையே பார்க்கிறார் அந்த ஆபீசர். பேங்கில், நீங்களே விரும்பி அனுப்பிய பணத்தைத் திருப்ப முடியாது என்கிறார்கள். சிறு வழக்கு நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமல் போடலாம், ஆனால் உச்சவரம்பு 20,000 ராண்ட். வேண்டுமானால் 46,500-ஐ விட்டுக்கொடுத்துவிட்டு 20,000-க்கு மட்டும் போடுங்கள் என்று அங்கே சிரித்த முகத்தோடு சொன்னார்கள். 66,500 கொடுத்தவள் நான், விட்டுக்கொடுப்பதும் நானா? முழுத் தொகைக்கும் போக வேண்டுமென்றால் வக்கீல் ஃபீஸே பாதியைத் தின்றுவிடும்.

மேலே இருப்பவர்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. எஸ்காமின் தலைமை நிர்வாகியாக இருந்த ஆந்த்ரே டி ரைட்டர் மாதம் 100 கோடி ராண்ட் திருடு போகிறது என்று 2023 பிப்ரவரியில் டிவியில் சொன்னார், உடனே வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். அதற்கு முன்னால் காபியில் சயனைடு கலந்துவிட்டார்கள் என்றும் சொன்னார் மனிதர். முழங்காலுக்குக் கட்டும் பட்டை ஒரு ஜோடி 80,000 ராண்டுக்கு வாங்கிய நிறுவனம் அது, என் பேட்டரியும் இன்வர்ட்டரும் சேர்ந்தே அவ்வளவு வராது. எஸ்காம் கடனில் 25,400 கோடி ராண்டைத் தன் தலையில் ஏற்றிக்கொள்வதாக 2023-ல் அரசாங்கம் அறிவித்தது, அந்த வருடம் ஏப்ரலிலிருந்து கட்டணம் 18.65 சதவீதம் ஏறியது. அவர்கள் தின்றதற்கும் நான்தான் கட்டுகிறேன், அவர்களைத் திட்டி வியாபாரம் செய்தவன் தின்றதற்கும் நான்தான் கட்டுகிறேன்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், கரண்ட் போக இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கிறது, லேப்டாப்பிலும் சார்ஜ் இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

சாமான் வீட்டு வாசலுக்கு வராமல் பெரிய அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பேட்டரியின் சீரியல் நம்பரைத் தயாரிப்பாளருக்கே அனுப்பிக் கேளுங்கள், ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், கடைக்காரர் கோபித்துக்கொண்டால் எழுந்து வந்துவிடுங்கள். தகுதிச் சான்றிதழில் கையெழுத்துப் போடப் போகும் எலக்ட்ரீஷியன் யார், அவருடைய பதிவு எண் என்ன என்று பணம் கட்டும் முன்னாலேயே கேளுங்கள். வரிச் சலுகைக் கணக்கை விற்பவர் வாயிலிருந்து கேட்காதீர்கள். எஸ்காமைத் திட்டுபவர் எல்லாம் யோக்கியர் என்று நினைக்காதீர்கள்.

டயர் கடைக்காரர் சொன்னார், அதே ஆள் வேறு பெயரில், ஜோகன்னஸ்பர்க்குக்குக் கிழக்கே இருக்கும் கிழக்கு ராண்ட் என்ற பகுதியில் கடை போடுகிறாராம். காவடி போட்டோ மாட்டிய சோலார் கடை எதையாவது அங்கே பார்த்தால் தயவுசெய்து எனக்குத் தனியாக மெசேஜ் போடுங்கள், பில், ஸ்டிக்கர் போட்டோ எல்லாம் அனுப்புகிறேன். வேறு யாராவது இதே ஆளிடம் பணம் கொடுத்திருந்தாலும் சொல்லுங்கள், நாலு பேர் சேர்ந்து போனால் வக்கீல் ஃபீஸைப் பகிர்ந்துகொள்ளலாம்.