ரேடியேட்டருக்குப் பின்னால் வெள்ளித் தகடு: வாசலில் வந்து விற்பவர்களிடம் வாங்காதீர்கள்

லண்டனில் குளிர் தொடங்கியதும் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஆசாமிகள் கதவைத் தட்டத் தொடங்கிவிடுகிறார்கள். எரிவாயு பாய்லரிலிருந்து வரும் வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குப் பின்னால் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் தகடு பொருத்தினால் எரிவாயுச் செலவு 30 சதவீதம் குறையுமாம்; அரசுத் திட்டமாம்; சலுகை இன்று மட்டும்தானாம். இல்ஃபோர்டில் தனியாக வசிக்கும் என் அத்தையிடம் இப்படிப் பேசியே ஒன்பது ரேடியேட்டர்களுக்கு 405 பவுண்டைக் கறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அரசுத் திட்டம் என்றால் உங்கள் வங்கி கார்டு எதற்கு என்று கேட்டேன். “அரசாங்கம் பாதி போடுகிறதாம், தம்பி” என்றார். ரசீதில் அப்படி ஒரு வரியும் இல்லை.

தகடே மோசடி என்று நான் சொல்லவில்லை. அத்தையின் வீடு 1920-க்கு முன் கட்டியது. முன்பக்கம் ஒன்பது அங்குலத் திடச் செங்கல், நடுவே இடைவெளி கிடையாது. அந்த மாதிரி வெளிச்சுவரை ஒட்டி ரேடியேட்டர் இருந்தால் அதன் முதுகுச் சூடு சுவரில் ஏறி, அங்கிருந்து தெருவுக்குப் போகிறது. நடுவில் பளபளப்பான அலுமினியம் இருந்தால் கதிர்வீச்சாக வரும் வெப்பத்தில் பெரும்பகுதி திரும்பிவிடும். ஆனால் பளபளப்பான பக்கம் ரேடியேட்டரைப் பார்த்தபடி இருக்க வேண்டும், இரண்டுக்கும் இடையில் காற்று இருக்க வேண்டும். உட்சுவரிலோ வெப்பக் காப்பு (இன்சுலேஷன்) நிரப்பிய சுவரிலோ இதற்கு வேலையே இல்லை. உட்சுவர் வழியாகப் போகும் சூடு அடுத்த அறைக்குத்தானே போகிறது?

இப்போது இவர்கள் செய்த வேலையைக் கேளுங்கள். மாடியில் இரண்டு படுக்கையறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் ஒரு தகடு. மாடிப்படி ஓரத்து உட்சுவரில் ஒன்று. பின்னால் புதிதாக நீட்டிக் கட்டிய சமையலறையில் இரண்டு. அந்தச் சுவருக்குள் ஏற்கெனவே காப்பு இருக்கிறது. உண்மையில் பயன்படக்கூடிய இடம் முன்னறை ஜன்னலுக்குக் கீழே. அங்கே டார்ச் அடித்துப் பார்த்தேன். பளபளப்பான பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தது; வெள்ளை நுரைப் பக்கம் ரேடியேட்டரின் முதுகில் உரசிக்கொண்டிருந்தது. இருபக்கப் பசைநாடா சூட்டில் இளகி, ஒரு மூலை கழன்று தொங்கி, அடியிலிருந்து காற்று ஏறும் வழியைப் பாதி அடைத்திருந்தது. ரேடியேட்டர் அறையைச் சூடாக்குவது பெரும்பாலும் அந்தக் காற்றோட்டத்தால்தான். காசு கொடுத்து அதையும் கெடுத்துக்கொண்டாயிற்று.

30 சதவீதம் என்பது எவ்வளவு பெரிய புளுகு என்று பார்க்கக் கணக்குப் போட்டேன். 1.2 மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் உயரமுள்ள ரேடியேட்டர். பின்னால் திடச் செங்கல் சுவர். உள்ளே சுவரின் மேற்பரப்பு 40 டிகிரி, வெளியே 5 டிகிரி. அந்தப் பரப்பின் வழியே ஏறத்தாழ 70 வாட் போகும். ரேடியேட்டர் அங்கே இல்லாவிட்டாலும் 20 வாட் போகத்தான் செய்யும். மீதி 50 வாட்டில் தகடு பாதியை நிறுத்துகிறது என்றே வைத்துக்கொள்வோம். நாளுக்கு எட்டு மணி நேரம், ஆறு மாதம் எரித்தால் 36 யூனிட் (கிலோவாட் மணி). யூனிட்டுக்கு 7 பென்ஸ் வைத்து, பாய்லரில் வீணாவதையும் சேர்த்தாலும் வருடத்துக்கு மூன்று பவுண்டைத் தொடாது. அதற்கு 45 பவுண்டு விலை! சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம். சமையலறைச் சுவருக்கு இந்தக் கணக்கில் பென்ஸ்தான் மிஞ்சும்.

உங்கள் வீட்டில் திடச் செங்கல் வெளிச்சுவர் இருந்தால் கடையில் அலுமினியப் பூச்சுள்ள காப்புச் சுருள் வாங்கி நீங்களே வெட்டி ஒட்டலாம். ஒரு தகட்டுக்கு இவர்கள் வாங்கிய காசில் வீட்டுக்கே ஆகிவிடும். அதற்கும் முன்னால், செலவே இல்லாத ஒரு வேலை இருக்கிறது. கண்டென்சிங் பாய்லர் (புகையோடு வீணாகும் சூட்டையும் பிடித்துப் பயன்படுத்தும் வகை) வைத்திருப்பவர்கள் ரேடியேட்டருக்குப் போகும் நீரின் வெப்பத்தை 60 டிகிரி அளவுக்குக் குறைத்துப் பாருங்கள். திரும்பி வரும் நீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அந்த வகைப் பாய்லர் முழுப் பலனைத் தரும். வெந்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் மட்டும் தொட்டியின் வெப்பத்தைக் குறைக்கக் கூடாது.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு வழி இருக்கிறது. வீட்டு வாசலில் 42 பவுண்டுக்கு மேல் விற்றால், 2013-ஆம் ஆண்டு நுகர்வோர் ஒப்பந்த விதிகளின்படி 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். இந்த உரிமையை விற்பவர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் விடுவது குற்றம். தெரிவிக்காவிட்டால் ரத்து செய்யும் காலம் 12 மாதம் வரை நீளும். அத்தையிடம் இருந்த ஒற்றைத்தாள் ரசீதில் அந்த அறிவிப்பு இல்லை. அதைச் சுட்டிக்காட்டி ரத்துக் கடிதம் அனுப்பினோம். பாதியைத் தருகிறோம் என்று இறங்கி வந்திருக்கிறார்கள். முழுத் தொகையும் வேண்டும் என்று பதில் எழுதிவிட்டு, கார்டு நிறுவனத்திலும் புகார் கொடுத்திருக்கிறோம். கழற்றிய ஒன்பது தகடுகளும் திருப்பிக் கொடுக்கத் தயாராகக் கூடத்தில் இருக்கின்றன.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படி மாட்டிக்கொண்டவர்கள் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பின் நுகர்வோர் உதவி எண் 0808 223 1133-ஐ அழையுங்கள். புகாரை டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்கு (வணிக விதிமீறல்களை விசாரிக்கும் உள்ளாட்சிப் பிரிவு) அவர்களே அனுப்பிவைப்பார்கள். ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.