55 இஞ்ச் டிவியும் அப்பாவின் கண்ணும்

டிவி வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் ராத்திரி, எல்லோரும் தூங்கிய பிறகு நான் மட்டும் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் செட்டிங்ஸை நோண்டினேன். பிக்சர் மோடு 'விவிட்' என்றிருந்ததை 'சினிமா'வுக்குக் கொண்டுபோனேன். ஷார்ப்னஸைக் குறைத்தேன். கலர் டோனை 'வார்ம்' ஆக்கினேன். அசைவை வழவழப்பாக்கும் அந்த மோஷன் சமாச்சாரத்தை அணைத்தேன். காலையில் அப்பா காபியோடு செய்தி பார்க்க உட்கார்ந்தார். அரை நிமிஷம் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"எலேய், டிவிக்கு மஞ்சக்காமால வந்துருச்சா?"

இது 2022 தீபாவளிக்கு முந்தின வாரம் நடந்தது. மூன்று வருடம் தாண்டிவிட்டதால் இப்போது எழுதலாம் என்று தோன்றியது. வாங்கிய வாரத்தில் எழுதியிருந்தால் படம் அருமை, கருப்பு நல்ல கருப்பு என்றெல்லாம் எழுதியிருப்பேன். கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்த விலையில் எந்த 55 இஞ்ச் 4கே டிவி வாங்கினாலும் கிட்டத்தட்ட இதே கதைதான். திரைக்குப் பின்னால் எரியும் எல்இடி பேக்லைட், விஏ என்ற வகைப் பேனல், இரண்டு ஜிபி ராம். அப்போது இந்த அளவுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம். 2025 செப்டம்பரில் அதை 18 ஆக்கினார்கள். அந்தச் செய்தியை அப்பா எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினார்.

வீடு பாளையங்கோட்டையில். ஹாலில் சோபாவுக்கும் டிவிக்கும் ஒன்பது அடி. அப்பா, அம்மா, நான், மனைவி, ஒன்பதாவது படிக்கும் மகன். இதற்கு முன்னால் இருந்தது 1999 உலகக் கோப்பைக்காக வாங்கிய 21 இஞ்ச் பெட்டி டிவி. பிக்சர் டியூபுக்கு ஹை வோல்டேஜ் தரும் எல்ஓடியை இரண்டு முறை மாற்றியும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதைத் தூக்கிக் கொடுத்த அன்று அப்பா வாசல் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

புது டிவியில் சேனல் வைத்ததும் முதல் சண்டை. "பழசுல இத விட தெளிவா தெரிஞ்சுது" என்றார் அப்பா. அவருக்குப் பழசின் மேல் பாசம், அதனால் சொல்கிறார் என்று நான் விட்டுவிட்டேன். பிற்பாடு உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் தெரிந்தது, மனிதர் சொன்னது சரி.

நம் ஊர் எஸ்டி சேனலில், அதாவது ஹெச்டி அல்லாத சாதாரணச் சேனலில், ஒரு படத்துக்கு 720க்கு 576 புள்ளி. 4கே பேனலில் 3840க்கு 2160. பெருக்கிப் பார்த்தால் சரியாக 20 மடங்கு. அதாவது கேபிளில் ஒரு புள்ளி வருகிற இடத்தில் டிவி 20 புள்ளியைக் காட்டியாக வேண்டும். மீதி 19ஐ அது ஊகித்துத்தான் நிரப்புகிறது. இன்னொரு பக்கம் நம் கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. நல்ல பார்வை உள்ளவருக்கும் ஒரு டிகிரியில் 60இல் ஒரு பங்கைவிடச் சின்னதைப் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். இதை வைத்துக் கணக்குப் போட்டால், 21 இஞ்ச் பெட்டியில் எஸ்டி படத்தின் கோடுகள் ஆறு அடிக்கு அந்தப் பக்கம் மறைந்துவிடும். 55 இஞ்சில் அது மறைய 13 அடி தள்ளிப் போக வேண்டும். எங்கள் ஹாலில் 13 அடி தள்ளிப் போனால் அடுப்படி. ஒன்பது அடியில் உட்கார்ந்த அப்பாவுக்குப் பழைய டிவியில் மறைந்திருந்த குறையெல்லாம் புது டிவியில் அப்படியே தெரிந்திருக்கிறது.

இதே கணக்கில் இன்னொன்றும் வந்தது. 55 இஞ்சில் ஹெச்டி படத்தின் புள்ளிகள் ஏழு அடியிலேயே மறைந்துவிடும். 4கேயின் நுணுக்கம் முழுசாகத் தெரிய மூன்றரை அடிக்குக் கிட்டே போக வேண்டும். அவ்வளவு கிட்டே இதுவரை உட்கார்ந்தது எங்கள் வீட்டில் மகன் மட்டும்தான். அவனையும் அம்மா காதைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டாள். ஆக 4கே என்ற எழுத்துக்கு நான் கொடுத்த காசு ஒன்பது அடியில் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. உண்மையில் கூடுதல் பிரகாசத்துக்கும் நல்ல கருப்புக்கும்தான் அந்தக் காசு போனது.

இதைவிட வெட்கக்கேடான ஒன்று உண்டு. வாங்கி ஐந்தாவது மாதம் ஒட்டடை அடிக்க டிவியை நகர்த்தினேன். செட்டாப் பாக்ஸிலிருந்து டிவிக்குச் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று வயர்! பழைய ஏவி கேபிள். அதில் மஞ்சள் வயர் ஒன்றில்தான் மொத்தப் படமும் வர வேண்டும், நிறம் வெளிச்சம் எல்லாம் கலந்தடித்து. பொருத்தியவர் பழைய பாக்ஸில் இருந்ததை அப்படியே பிடுங்கிச் சொருகிவிட்டுப் போயிருக்கிறார். நானும் ராத்திரி ராத்திரியாக ஷார்ப்னஸை நோண்டினேனே தவிர, பின்னால் எட்டிப் பார்க்கவில்லை. கேபிள்காரரிடம் சொல்லி ஹெச்டி பாக்ஸ் வாங்கி ஹெச்டிஎம்ஐயில் மாட்டினேன். ஹெச்டி சேனல் எல்லாவற்றையும் எடுக்க அம்மா விடவில்லை. மாதம் இவ்வளவா என்று சீரியல் சேனல் இரண்டு, கிரிக்கெட் ஒன்று, செய்தி ஒன்று என்று கறாராக முடித்துவிட்டாள். அன்றைக்கு ஹாலில் ஏற்பட்ட மாற்றம், டிவி மாற்றிய அன்றைக்குக்கூட ஏற்படவில்லை. புது டிவி வாங்குகிறவர்கள் முதலில் பாக்ஸையும் வயரையும் பாருங்கள்.

அடுத்தது கருப்புப் பட்டை. பழைய கறுப்பு வெள்ளைப் படம் போட்டால் இரண்டு பக்கமும் இடம் விட்டுத்தான் வரும், படத்தின் வடிவம் அப்படி. அம்மாவுக்கு அது ஆகாது. "முழு டிவிக்குத்தானே காசு கொடுத்தோம்?" என்று இழுத்து முழுசாக்கிவிடுவாள். இழுத்தால் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடும். நாகேஷையே குண்டாகக் காட்டிய டிவி எங்களுடையதாகத்தான் இருக்கும். "அம்மா, நாகேஷைப் பாரு" என்றேன். "நல்லாத்தான இருக்காரு. அப்போ பாவம், சாப்பாடு இல்லாம இருந்தாரு" என்றாள். அதற்கு மேல் என்ன பேச?

மோஷன் விஷயத்தில் வீடு இரண்டாகப் பிரிந்தது. சினிமா நொடிக்கு 24 படமாக எடுக்கப்படுவது. டிவி அதற்கு நடுவே தானாகவே சில படங்களைச் செய்து சொருகி ஓட்டத்தை வழவழப்பாக்குகிறது. அப்படிச் செய்தால் கோடிக்கணக்கில் செலவழித்த படமும் மத்தியான சீரியல் மாதிரி ஆகிவிடும். 2018 டிசம்பரில் டாம் குரூஸே வீடியோ போட்டு இதை அணைத்துவையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். நான் அதை மகனிடம் காட்டினேன், அவன் என் பக்கம் வந்துவிட்டான். அம்மாவும் என் மனைவியும் மறுபக்கம். "ஓடும்போது கலங்காம தெரியுதுல்ல, அப்புறம் என்ன?" என்றாள் மனைவி. கிரிக்கெட்டுக்கும் சீரியலுக்கும் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சினிமாவுக்கு இன்னமும் எனக்கு ஒப்பவில்லை.

விஏ பேனல் வாங்கியது என் தவறு. நேரே உட்கார்ந்து பார்த்தால் கருப்பு ஆழமாக இருக்கும், ராத்திரிக் காட்சிகள் பிரமாதம். ஆனால் பக்கவாட்டில் போனால் நிறம் வெளுத்துவிடும். அம்மா உட்காருவது சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில், காய் நறுக்கிக்கொண்டே. அந்தக் கோணத்திலிருந்து பார்த்தால் கதாநாயகி பவுடர் கொட்டிக்கொண்ட மாதிரி இருப்பாள். ஐபிஎஸ் என்ற இன்னொரு வகைப் பேனலில் கருப்பு கொஞ்சம் சாம்பலாக இருந்தாலும் பக்கத்திலிருந்து பார்க்க நிறம் நிற்கும். கடையில் நான் டிவிக்கு நேர் எதிரே நின்று பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். அம்மா எங்கே உட்காருவாள் என்று யோசிக்கவே இல்லை.

சத்தத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிவி ஸ்பீக்கர் கீழ்ப்பக்கம் பார்த்து இருக்கிறது. வசனம் தரையோடு பேசும், மேலே ஃபேன் ஓடும். ஓடிடியில் படம் பார்த்தால் வசனத்துக்கு 38 வைக்க வேண்டும், சண்டை வந்ததும் 15க்கு ஓட வேண்டும். ஆடியோவை, பல ஸ்பீக்கருக்கான 5.1லிருந்து இரண்டு ஸ்பீக்கருக்கான ஸ்டீரியோவுக்கு மாற்றியதில் பாதி சரியானது. சின்ன சவுண்ட்பார் ஒன்று வாங்கியதில் மீதியும் சரியானது. டிவியின் சத்தத்தை வெளியே அனுப்பும் ஏஆர்சி உள்ள ஹெச்டிஎம்ஐ ஓட்டையில் மாட்டினால் டிவி ரிமோட்டிலேயே சத்தம் வைக்கலாம், இரண்டு ரிமோட் வேண்டாம். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு அப்பா சுவரில் சுவிட்சை அணைத்துவிடுவார். காலையில் டிவி முதலிலிருந்து எழுந்து வர முக்கால் நிமிஷம். ராத்திரி முழுக்க ஸ்டாண்ட்பையில் இருந்தாலும் ஒரு ரூபாய்கூட ஆகாது என்று எவ்வளவோ சொல்லியிருக்கிறேன். போன ஐப்பசியில் இடி விழுந்து அடுத்த தெருவில் இரண்டு வீட்டு டிவி போனது. அதற்குப் பிறகு சொல்வதில்லை. கேபிள் வயரையும் சேர்த்தே பிடுங்கிவைக்கிறோம்.

பெரிய பிரச்சினை 2024 ஜூனில் வந்தது. ஒருநாள் சாயங்காலம் இடது பாதி இருண்டுபோனது, வலது பாதி பளிச்சென்று இருக்கிறது. வாரண்டி ஒரு வருடத்தோடு முடிந்திருந்தது. முருகன்குறிச்சிப் பக்கத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். ஹாலில் இரண்டு ஜமுக்காளம் விரித்து, டிவியைக் குப்புறப் போட்டுப் பிரித்தார். உள்ளே பட்டை பட்டையாகச் சின்ன எல்இடி விளக்குகள். ஒரு வரிசை போயிருந்தது. மொத்த ஸ்ட்ரிப்பையும் மாற்றினார், 4,500 ரூபாய். பேனல் போயிருந்தால் புது டிவி விலை ஆகியிருக்கும். போகும்போது செட்டிங்ஸைப் பார்த்துவிட்டு, "பேக்லைட் 100ல வச்சிருக்கீங்களே சார், பத்து மணி நேரம் இப்படி எரிஞ்சா எப்படி நிக்கும்? 60ல வைங்க" என்றார். இரண்டு வருடமாக நான் சொன்னது அதுதான். அப்பா தலையை ஆட்டிக்கொண்டு, "விஷயம் தெரிஞ்ச ஆளு" என்றார். என்னைப் பற்றி அல்ல.

பேக்லைட் இறங்கியது. மஞ்சள் சண்டை மட்டும் ஓயவில்லை. விவிட் மோடு கடைக்காக வைத்தது, அங்கே நூறு டியூப்லைட்டுக்கு நடுவே டிவி கண்ணில் பட வேண்டும், அதனால் வெள்ளையை நீலம் பக்கம் தள்ளிவைத்திருப்பார்கள், படம் எடுத்தவர்கள் வைத்த வெள்ளை, வெள்ளையின் நிறத்தை அளக்கும் கணக்கில், 6500 கெல்வின், அது இந்த வார்ம்தான் என்று நானும் விளக்காத நாளில்லை. அப்பா வேட்டியை எடுத்து டிவிக்குப் பக்கத்தில் பிடித்தார். "இது வெள்ளையா, அது வெள்ளையா?"

2025 பிப்ரவரியில் அவருக்கு வலது கண்ணில் கண்புரை ஆபரேஷன் ஆனது. கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்தவர், ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணைத் திறந்து, கொடியில் காய்ந்த வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பயந்துபோய் என்னப்பா என்றேன்.

"இந்தக் கண்ணுல பாத்தா சொட்டு நீலம் போட்ட வேட்டி. இந்தக் கண்ணுல பாத்தா மழக்காலத்து தாமிரபரணில அலசுன வேட்டிலே."

டாக்டரிடம் கேட்டபோது சொன்னார்: வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மெல்ல மஞ்சளாகும், நீல வெளிச்சத்தைத் தடுக்கும். வருடக்கணக்கில் நடப்பதால் மூளை பழகிவிடும், ஆளுக்குத் தெரியாது. அதை எடுத்துவிட்டுப் புது லென்ஸ் வைத்தால் திடீரென்று எல்லாம் நீலமாகத் தெரியும், கொஞ்ச நாளில் அதுவும் பழகிவிடும். நான் ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று இரண்டு வருடத்துக்கு மேலான சண்டையை நினைத்துக்கொண்டேன். நான் டிவியில் மஞ்சள் கூட்டினேன், அவர் கண்ணில் ஏற்கெனவே மஞ்சள் இருந்தது. இரண்டும் சேர்ந்து காமாலை. அவருக்கு வெள்ளை வெள்ளையாகத் தெரிய விவிட்டின் நீலம் வேண்டியிருந்திருக்கிறது.

இரண்டாவது கண்ணும் முடிந்து மூன்று வாரம் இருக்கும். செய்தி பார்த்துக்கொண்டிருந்தவர் கண்ணைச் சுருக்கினார். "என்னலே இது, பிணத்துக்கு அடிச்ச மாதிரி நீலமா இருக்கு. அந்த மஞ்சக்காமாலயப் போடு." போட்டேன். "ம்" என்றார். அவ்வளவுதான்.

இப்போது அம்மாதான் எதிர்க்கட்சி. ஏன் இப்படி மங்கலாக வைத்திருக்கிறீர்கள் என்று தினமும் ஒரு தடவை கேட்கிறாள். ஒவ்வொரு ஹெச்டிஎம்ஐக்கும் தனித்தனி செட்டிங் வைக்க முடியும் என்பதால் கேபிளுக்கு 'ஸ்டாண்டர்ட்', ஓடிடிக்கு 'சினிமா' என்று பிரித்துவிட்டேன். மூன்று வருடத்தில் இந்த டிவியில் நான் கண்டுபிடித்த உருப்படியான வசதி இதுதான். டிவியின் சொந்த ஸ்மார்ட் மெனு இப்போது ஆமையாகிவிட்டது, எட்டு ஜிபி இடமும் நிரம்பிவிட்டது. அதனால் தனி ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்றை மாட்டியிருக்கிறேன். மனைவி இப்போது இந்த வழக்குகள் எதிலும் சேராமல் இயர்போனோடு போனில் பார்க்கிறாள்.

அம்மாவைக் கண்ணைக் காட்டக் கூப்பிட்டால் வருவதில்லை. "எனக்கு என்ன கோளாறு? கண்ணாடி இல்லாமலே நூல் கோக்குறேன்" என்கிறாள். முன்பு முடியாதது இப்போது முடிந்தால் அதுவே சிலருக்குக் கண்புரையின் அறிகுறி என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை அவளிடம் சொன்னேன். போன ஞாயிற்றுக்கிழமை பத்தாம் நம்பர் ஊசி ஒன்றை எடுத்து, டிவி வெளிச்சத்திலேயே, சீரியல் ஓட ஓட, ஒரே தடவையில் நூலைக் கோத்து என்னிடம் நீட்டினாள்.