பித்தப்பை லேப் ஆபரேஷனுக்கு எந்த நரம்பு பிளாக்? ஒரு மயக்க டாக்டர் போடும் மார்க்

"லேப் ஆபரேஷன்தானே, நாலு சின்ன ஓட்டை, வலியே இருக்காது" என்று நோயாளியிடம் சொல்வதை முதலில் நிறுத்த வேண்டும். (லேப் என்றால் லேப்ராஸ்கோப்பி, சின்ன ஓட்டைகள் வழியே கேமராவும் கருவிகளும் விட்டுச் செய்வது.) பித்தப்பையை எடுத்த அன்று ராத்திரி வலிக்கும், முதல் சில மணி நேரம் நன்றாகவே வலிக்கும். அதைக் குறைக்க இப்போது ஆளுக்கொரு நரம்பு பிளாக், அதாவது நரம்புப் பக்கம் மருந்து குத்தி மரத்துப் போகச் செய்யும் ஊசி, போடுகிறார்கள், சில ஆஸ்பத்திரிகளில் பில்லில் அது தனி வரியாகவே வருகிறது. இவற்றைப் போடுகிறவன் என்கிற முறையில், ஊசிக்கு வழிகாட்டும் பளபளப்பான புது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் மெஷின் இருக்கும் தியேட்டரிலும் படம் மங்கலாகத் தெரியும் பழைய மெஷினோடு மல்லுக்கட்டும் தியேட்டரிலும் இவை எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்த்து வருகிறேன். எது காசுக்கும் நேரத்துக்கும் தகும், எது வெறும் பேச்சு என்பதுதான் இங்கே விஷயம்.

முதலில் வலி எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும், இல்லாவிட்டால் எந்த பிளாக்கையும் எடைபோட முடியாது. வயிற்றுச் சுவரில் போர்ட் (கருவி நுழையும் குழாய்) போட்ட இடங்கள் ஒன்று: தொப்புளில் ஒரு 10 மி.மீ., நெஞ்சுக்குழிக்குக் கீழே இன்னொரு 10 மி.மீ., வலது பக்கம் இரண்டு 5 மி.மீ. அடுத்தது உள்ளே, கல்லீரலிலிருந்து பித்தப்பையை உரித்தெடுத்த படுகை, மந்தமாக, இந்த இடம் என்று விரல் வைத்துக் காட்ட முடியாத வலி. மூன்றாவது தோள்பட்டை. வயிற்றை ஊத விட்ட கார்பன் டை ஆக்சைடு உதரவிதானத்தை எரிச்சலூட்ட, கழுத்திலிருந்து இறங்கும் ஃப்ரெனிக் நரம்பு வழியாக அது தோளில் போய் வலிக்கிறது. "வயித்துல ஆபரேஷன் பண்ணிட்டு தோள் ஏன் டாக்டர் வலிக்குது" என்று கேட்காத நோயாளி குறைவு. வயிற்றிலோ நடுமுதுகிலோ போடும் பிளாக்கை நம்பி இந்தத் தோள்வலிக்குக் காத்திருக்கக் கூடாது, அந்த நரம்பு கிளம்பும் இடமே வேறு. இதைச் சொல்லாமல் "பிளாக் போட்டுட்டோம், வலிக்காது" என்று வாக்குக் கொடுத்தால் மறுநாள் காலை ரவுண்ட்ஸில் நமக்குத்தான் திட்டு.

சரி, மார்க்குக்கு வருவோம்.

சர்ஜன் தன் கையாலேயே போர்ட் போட்ட இடங்களில் குத்தும் லோக்கலுக்கு, அதாவது அந்த இடத்தை மட்டும் மரக்க வைக்கும் மருந்துக்கு, என் மார்க் 5க்கு 4. ஸ்கேன் வேண்டாம், தனி ஊசி வேண்டாம், ஒரு குப்பி பியூபிவகைன் போதும், இரண்டு நிமிட வேலை. இதோடு பாராசிட்டமால், ஒரு டைக்ளோஃபெனாக் வகை மருந்து, மயக்கம் கொடுக்கும்போதே ஒரு டெக்சாமெத்தசோன் (ஸ்டீராய்டு), இவ்வளவு சேர்ந்தாலே பெரும்பாலான நோயாளிகள் சமாளித்துவிடுகிறார்கள். ஆபரேஷன் வாரியாக வலி நிவாரணப் பரிந்துரை தரும் ப்ராஸ்பெக்ட் குழுவும் 2018இல் இந்த சர்ஜரிக்கு இப்படித்தான் சொன்னது: பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக் வகை மருந்து, வெட்டிய இடத்தில் லோக்கல், இவைதான் அடிப்படை, இந்த அடிப்படையைக் கொடுக்க முடியாதபோதுதான் டேப் பிளாக் (TAP, வயிற்றுச் சுவர்த் தசைகளுக்கு இடையில் போடுவது). எங்கள் ஆட்கள் பலருக்கு இது பிடிக்காது. ஸ்கேன் ப்ரோபைப் பிடித்துக்கொண்டு நிற்பதில் ஒரு கௌரவம் இருக்கிறது, சர்ஜன் குத்தும் ஊசியில் நமக்கென்ன பெருமை.

அப்புறம் டேப் பிளாக். இங்கேதான் அதிகக் குழப்பம், ஏனென்றால் ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு பிளாக் உலவுகின்றன. 2001இல் ரஃபி என்பவர் எழுதிய பழைய முறை, விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே பக்கவாட்டில் போடுவது. உள்சாய்தசைக்கும் அதற்கு அடியில் இருக்கும் குறுக்குத் தசைக்கும் இடையில் மருந்து போகும். சிசேரியனுக்கு, குடலிறக்கத்துக்கு நல்ல பிளாக், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது மரத்துப் போகச் செய்வது பெரும்பாலும் தொப்புளிலிருந்து கீழே. பித்தப்பைக்காரருக்கு வலிப்பது தொப்புளும் அதற்கு மேலும். நெஞ்சுக்குழிப் போர்ட்டை இது எட்டுவதே இல்லை, பையை அந்த வழியாக இழுத்து எடுத்திருந்தால் அதிகம் வலிப்பதும் அதுதான். இந்த ஆபரேஷனுக்குப் பக்கவாட்டு டேப் போட்டு பில்லில் "பிளாக்" என்று எழுதுவது எனக்கு எரிச்சல். 5க்கு ஒன்றரை.

விலாவுக்கு அடியில் போடும் சப்காஸ்டல் டேப் வேறு ரகம். ஆஸ்திரேலியாவின் ஹெபார்ட் 2008 வாக்கில் விவரித்தது. நெஞ்செலும்பு நுனிக்குப் பக்கத்தில் தொடங்கி விலா விளிம்பை ஒட்டிச் சரிவாக, மருந்தாலேயே வழி பிரித்துக்கொண்டு ஊசியை நகர்த்தினால் ஏழாவது முதல் பத்தாவது மார்பு நரம்பு வரை பிடிக்கலாம், நாலு போர்ட்டில் கிட்டத்தட்ட எல்லாமே இதற்குள் வந்துவிடும். நோயாளியைத் திருப்ப வேண்டாம், மல்லாந்த நிலையிலேயே மயக்கம் கொடுத்தவுடன் போடலாம். என் கணக்கில் இந்த ஆபரேஷனுக்குக் கொடுத்த காசுக்கு மோசமில்லாத பிளாக் இதுதான், 5க்கு 4. ஒரு மார்க் குறைத்ததற்குக் காரணம் உண்டு: நீள ஊசி வேண்டும், கை பழக வேண்டும், ஆபரேஷன் முடிந்தபின் போடலாம் என்று விட்டால் தோலுக்கடியில் கசிந்த காற்று ஸ்கேன் படத்தையே கெடுத்துவிடும், மேலே பிளாஸ்டர் வேறு ஒட்டியிருப்பார்கள். ஆகவே வெட்டுவதற்கு முன்பே போடுங்கள். சர்ஜன் கையுறை மாட்டிக்கொண்டு மணியைப் பார்ப்பார், பார்க்கட்டும்.

இ.எஸ்.பி. (எரெக்டர் ஸ்பைனே என்ற முதுகுத் தசையின் பெயரில்) பிளாக்தான் இப்போது எல்லா மாநாட்டிலும் கதாநாயகன். 2016இல் ஃபொரேரோவும் குழுவினரும் மார்பு நரம்பு வலிக்காக எழுதியது. முதுகில், முள்ளெலும்பின் பக்கவாட்டு நீட்சி மேல் ஊசி முனையை வைத்து, முதுகுத் தசைக்கு அடியில் மருந்தை விடுவது. பித்தப்பைக்கு ஏழாவது மார்பு முள்ளெலும்பு அளவில், இரண்டு பக்கமும். எலும்பு தெளிவாகத் தெரியும், நுரையீரலிலிருந்து ஊசி தள்ளியே இருக்கும், கற்றுக்கொள்வது எளிது. டேப்போடு ஒப்பிட்ட ஆய்வுகள் பலவற்றில் முதல் சில மணி நேரங்களில் வலி ஸ்கோரும் டிரமடால் (வாந்தி வரவழைக்கக்கூடிய வலி மருந்து) தேவையும் இதில் கொஞ்சம் குறைவு. வாந்தி வராமல் ராத்திரியைக் கடக்க டிரமடால் குறைவது முக்கியம்தான், ஆனால் அந்த "கொஞ்சம்" என்ற சொல்லை மாநாட்டில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. உள்ளுறுப்பு வலியையும் இது பிடிக்கும் என்பதுதான் இதன் பெரிய விளம்பரம். உடலங்களில் சாயம் ஏற்றிப் பார்த்த ஆய்வுகள் ஒரே மாதிரி சொல்லவில்லை, சிலவற்றில் சாயம் முன்பக்க நரம்பு வரை போயிருக்கிறது, சிலவற்றில் பின்பக்கத்தோடு நின்றுவிட்டது. நேரில் பார்த்தாலும் அப்படித்தான்: ஒருவர் சாயந்திரமே எழுந்து காபி கேட்பார், அதே மருந்து அதே அளவு போட்ட அடுத்தவர் முனகிக்கொண்டிருப்பார். நோயாளியை உட்கார வைத்தோ ஒருக்களித்தோ போட வேண்டும், மயக்கம் கொடுத்த 90 கிலோ ஆளைப் புரட்டுவதற்கு ஆள் வேண்டும், சின்ன ஆஸ்பத்திரியில் அதுவே பெரிய பஞ்சாயத்து. மூன்றரை. ஆள்பலம் உள்ள தியேட்டர் என்றால் 4 கூடக் கொடுக்கலாம்.

மற்றவற்றைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ரெக்டஸ் ஷீத் பிளாக் (வயிற்றின் நடுத்தசை உறையில் போடுவது) நடுக்கோட்டுப் போர்ட்டுகளுக்கு மட்டும், வலது பக்கத்து இரண்டும் விட்டுப் போகும். க்யூ.எல். பிளாக் (பின்னிடுப்புத் தசையை ஒட்டிப் போடுவது) ஆழமானது, சிறுநீரகம் பக்கத்திலேயே, சில நேரம் தொடை பலவீனமாகி நோயாளி எழுந்து நடக்கும்போது தள்ளாடுவார், இந்த ஆபரேஷனுக்கு அவ்வளவு தேவையில்லை. எம்-டேப்பா என்று 2019இல் துல்கர் குழு கொண்டுவந்த புதுசு, விலாக் குருத்தெலும்பின் அடிப்பக்கம் போடுவது, பக்கத்துக்கு ஒரே குத்தில் நிறைய இடம் மரத்துப் போகும் என்கிறார்கள். ஆசையாக இருக்கிறது, ஆனால் மார்க் போடும் அளவுக்கு என் கை இன்னும் பழகவில்லை.

எந்த பிளாக்காக இருந்தாலும் மருந்துக் கணக்கு முக்கியம். பியூபிவகைன் கிலோவுக்கு 2 மி.கி. என்று வைத்தால் 45 கிலோ பெண்மணிக்கு 90 மி.கி.தான் எல்லை. 0.25 சதவீத மருந்தைப் பக்கத்துக்கு 20 மி.லி. வீதம் போட்டாலே 100 மி.கி. ஆகிவிடுகிறது, அதற்கு மேல் சர்ஜன் பழக்கதோஷத்தில் போர்ட்டில் 20 மி.லி. குத்தினால் இன்னொரு 50. மருந்து அளவு மீறினால், மயக்கத்தில் இருப்பவர் காது இரைகிறது, நாக்கு மரக்கிறது என்று சொல்ல மாட்டார், நேராக இதயத் துடிப்புதான் குழம்பும். 0.2 சதவீதமாகக் கரைத்துக்கொள்ளுங்கள், பிளாக் போட்டாயிற்று என்று சர்ஜனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அப்படி ஆனால் மாற்று மருந்தான 20 சதவீத லிப்பிட் எமல்ஷன் தியேட்டரில் எந்த அலமாரியில் இருக்கிறது என்று ஊசி எடுப்பதற்கு முன் கேளுங்கள். இல்லை என்று பதில் வரும் இடத்தில் நான் பிளாக் போடுவதில்லை.

ஆபரேஷனுக்குப் போகிறவர்களுக்கு: பிளாக் உண்டா என்று கேட்காதீர்கள், எந்த பிளாக், விலாவுக்கு அடியிலா பக்கவாட்டிலா என்று கேளுங்கள். ஒரு தடவை போடும் பிளாக் அரை நாள் தாங்கினால் பெரிய விஷயம், காலையில் போட்டது ராத்திரி தூக்கத்தில்தான் விடும், அதனால் வலியில்லையே என்று சாயந்திர மாத்திரையைத் தள்ளிப்போட வேண்டாம். தோள்வலிக்கு மருந்தைவிட சர்ஜன்தான் அதிகம் செய்ய முடியும்: குறைந்த அழுத்தத்தில் காற்று விடுவது, முடிக்கும்போது வயிற்றை அமுக்கி மிச்சக் காற்றை வெளியேற்றுவது. இதையும் அவரிடமே கேட்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்.

லேப்பில் ஆரம்பித்து ஒட்டுதல் அதிகமென்று ஓப்பன் ஆக்கிவிட்டால் மேலே போட்ட மார்க் எதுவும் செல்லாது. வலது விலாவுக்குக் கீழே நீளமான வெட்டு வந்துவிட்டபின் போர்ட் ஊசியெல்லாம் பத்தாது. அங்கே வலது பக்கம் சப்காஸ்டல் டேப்பிலோ இ.எஸ்.பி.யிலோ ஒரு மெல்லிய கதீட்டர் குழாயை விட்டு இரண்டு நாள் மருந்து ஓட்டினால் நோயாளி ஆழமாக மூச்சு இழுக்கிறார், இருமுகிறார். அந்தச் சூழலில் நான் 5க்கு 5 கொடுப்பேன்.