மாதம் 14 டாலர் இன்சூரன்ஸும் என் கல்யாணப் புடவையும்

டாலஸ் பக்கம் இர்விங்கில் அபார்ட்மென்ட் எடுத்தபோது, ரென்டர்ஸ் இன்சூரன்ஸ் (வாடகைக்கு இருப்பவரின் சாமான்களுக்கான காப்பீடு) இல்லாமல் சாவி தர மாட்டோம் என்றார்கள். இருப்பதிலேயே மலிவாக, மாதம் 14 டாலருக்கு ஒன்றைப் போட்டுவிட்டு மறந்துபோனேன்.

2021 பிப்ரவரி உறைபனியில் இங்கே மைனஸ் 19 டிகிரி வரை இறங்கியது. கரண்ட் இல்லை. கம்பளி எடுக்கக் கட்டிலடியில் இருந்த சூட்கேஸை இழுத்தவள் மூடாமல் விட்டுவிட்டேன். புதன்கிழமை ராத்திரி மேல் வீட்டுக் குழாய் வெடித்து, எங்கள் சீலிங் பானை வயிறு மாதிரி உப்பி, தொப்பென்று அந்த சூட்கேஸ் மேலேயே விழுந்தது. மெத்தை, லேப்டாப், சூட்கேஸில் இருந்த மூன்று காஞ்சிபுரம் பட்டு எல்லாம் போச்சு. கல்யாணப் புடவையின் அரக்கு பார்டர் சாயம் சந்தன நிற உடம்பு முழுக்க ஏறிவிட்டது.

சீலிங் எங்கள் பொறுப்பு, சாமான் உங்கள் பொறுப்பு என்றது அபார்ட்மென்ட்டை வாடகைக்கு விடும் லீசிங் ஆபீஸ். சரி என்று இன்சூரன்ஸுக்குப் போன் போட்டால் 50 நிமிடம் காத்திருப்பு. டெக்சாஸே அவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. எடுத்ததும் முதல் கேள்வி, தண்ணீர் எங்கிருந்து வந்தது? குழாய் திடீரென்று வெடித்தால் பணம் உண்டு. நாள்கணக்கில் கசிந்திருந்தாலோ, வெளியிலிருந்து வெள்ளம் புகுந்திருந்தாலோ கிடையாது. வெள்ளத்துக்குத் தனி பாலிசி வேண்டும். நல்லவேளை, சீலிங் விழுந்ததும் துடைப்பத்தை எடுக்காமல் போனை எடுத்து வீடியோ பிடித்திருந்தேன்.

ஏழாம் நாள் வீடியோ காலில் அட்ஜஸ்டர், அதாவது சேதத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் ஆள், வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் பட்டுப் புடவையை 'பெண்கள் உடை' என்று போட்டு ஒன்றுக்கு 60 டாலர் எழுதிவிட்டார். அம்மாவிடம் பில் கேட்டேன். "கல்யாணப் புடவைக்கு பில் கேக்கறாங்களா? என்ன ஊருடி அது?" என்றபடியே பீரோவைக் குடைந்து, 2014இல் 38,000 ரூபாய்க்கு வாங்கிய பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அதையும், அதே மாதிரிப் புடவைகளின் இன்றைய விலையையும் காட்டி, ஜரிகை என்றால் என்ன என்று மூன்று போன் காலில் பாடம் எடுத்த பிறகு தொகையைத் திருத்தினார்கள்.

மொத்தம் 4,620 டாலர். அதில் தேய்மானம் 1,430, டிடக்டிபிள் (நஷ்டத்தில் நாமே ஏற்க வேண்டிய தொகை) 500 போக முதலில் வந்தது 2,690. என்னுடையது புதுப்பொருள் விலை தரும் பாலிசி என்பதால், திரும்ப வாங்கி பில் அனுப்பினால் தேய்மானப் பணமும் வரும். மலிவு பாலிசிகள் பலவற்றில் இது இருக்காது, கேட்டு வாங்குங்கள். அம்மா காந்தி ரோட்டில் புதுசு எடுத்து பில் அனுப்பினார். பில் அனுப்பிய ஒன்பதாம் நாள் மீதி வந்தது.

ஹோட்டலில் ஆறு இரவு தங்கியதை முழுக்கக் கொடுத்தார்கள். சாப்பாட்டுக்கு ஆன 310 டாலரில், வீட்டில் இருந்திருந்தாலும் 120 ஆகியிருக்குமே என்று கழித்து 190 தந்தார்கள். நியாயம்தான், ஆனாலும் கொஞ்சம் எரிச்சல் வந்தது.

எல்லாக் காகிதமும் கைக்கு வந்த 15 வேலை நாளில் உண்டு, இல்லை என்று சொல்ல வேண்டும் என்பது டெக்சாஸ் சட்டம். இவர்கள் 13ஆம் நாளே சொல்லிவிட்டார்கள்.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். அந்த 60 டாலர் புடவைக்காக ஒன்றைத் தேய்மானத்தில் கழித்துவிட்டேன்.