தூளா, லிக்விடா, கட்டி சோப்பா: இளைப்பு இருக்கிற பிள்ளையின் துணிக்கு எது சரி?

போன ஐப்பசியில் குன்னூரில் விடாத மழை. அந்த நாட்களில்தான் என் ஐந்து வயது மகனுக்கு ராத்திரி இரண்டு மணிக்கு இழுப்பு வர ஆரம்பித்தது, அதுவும் துவைத்து எடுத்த ஸ்வெட்டரைப் போட்டுப் படுத்த இரவுகளில். ஸ்வெட்டரை முகர்ந்து பார்த்தேன். மேலாக, துணியை மிருதுவாக்கக் கடைசி அலசலில் விடும் கண்டிஷனரின் பூ வாசனை, அதற்கு அடியில் காயாத துணியின் நாற்றம். அன்றிலிருந்து ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்ததையும் தேடிப் படித்ததையும் வைத்து எழுதுகிறேன். டாக்டர் கொடுத்த இன்ஹேலர் அதுபாட்டுக்குத் தொடரவேண்டும், அதற்குப் பதில் இல்லை இது.

சலவைத்தூளில் எனக்குப் பிடிக்காதது பாக்கெட்டைக் கவிழ்க்கும்போது எழும் பொடி. பிள்ளை பக்கத்தில் நின்றால் நேராக மூக்குக்குத்தான் போகும். கறையை உடைக்கத் தூளில் சேர்க்கும் என்சைம் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். 1960-களில் என்சைம் கலந்த தூள் தயாரித்த தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்கு ஆஸ்துமா வந்தது உண்மைதான், பிரிட்டனில் 1969-ல் பதிவானது. அப்புறம் என்சைமைச் சிறு மணிகளாக்கி மேற்பூச்சு கொடுத்ததில் அது காற்றில் பறப்பது வெகுவாகக் குறைந்தது. வீட்டு அளவில் என் கவலை அதுவல்ல, நம்மூர்த் தண்ணீர். மார்கழிக் குழாய்த் தண்ணீரில் தூள் முழுசாகக் கரையாமல், கறுப்பு ஸ்வெட்டரின் தையலோரம் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். லிக்விட் கரைந்துவிடும், ஆனால் விலையும் அதிகம், வாசனையும் தூக்கல். ‘குழந்தைகளுக்கு’ என்று போட்ட பாட்டில்கூடப் பல சமயம் மணக்கத்தான் செய்கிறது. கட்டி சோப்பில் பொடி இல்லை, மலிவு, கைதான் வலிக்கும். நான் கடைசியில் நின்றது மணம் குறைந்த தூளில்: ஒரு சொம்பு வெந்நீரில் முதலில் கரைத்துவிட்டு வாளியில் ஊற்றுகிறேன், மூன்று தண்ணீர் அலசுகிறேன்.

கண்டிஷனர் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, நிறுத்திவிடுங்கள். அதன் வேலையே நூலின் மேல் படிந்து தங்குவது, மணமும் அதோடு சேர்ந்து தங்குகிறது. பிள்ளை அந்தக் காலரில் மூக்கை வைத்து எட்டு மணி நேரம் தூங்குகிறான். அமெரிக்காவில் 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், வாசனைப் பொருள் போட்டுத் துவைத்த துணியை உலர்த்தும் இயந்திரத்தின் புகைபோக்கியிலிருந்து 25-க்கும் மேற்பட்ட ஆவிப் பொருட்கள் வெளிவந்தன, அதில் பென்சீனும் உண்டு. கனடாவில் இரண்டாயிரத்துக்கும் அதிகமான குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து கவனித்து 2020-ல் வெளியிட்ட ஆய்வில், முதல் சில மாதங்களில் துப்புரவுப் பொருட்களின் புழக்கம் அதிகமிருந்த வீட்டுக் குழந்தைகளுக்கு மூன்று வயதுக்குள் ஆஸ்துமா கூடுதலாகக் காணப்பட்டது. தொடர்பைத்தான் காட்டியது, அதுதான் காரணம் என்று நிரூபிக்கவில்லை. எனக்கு அந்தத் தொடர்பே போதும். கடைசி அலசலில் கொஞ்சம் வினிகர் விட்டால் துணி ஓரளவு மிருதுவாகிறது, காய்ந்தால் வாடை போய்விடுகிறது. பிளீச்சோடு மட்டும் வினிகரைச் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு வரும்.

சோப்பை விட இங்கே பெரிய விஷயம் ஈரம். மலைக்காற்று ஆஸ்துமாவுக்கு நல்லது என்று சமவெளிச் சொந்தக்காரர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். ஸ்விட்சர்லாந்தின் தாவோஸுக்கு அது பொருந்தும், காற்று வறண்டிருப்பதால் படுக்கையில் வாழ்ந்து இழுப்பைத் தூண்டும் தூசிப் பூச்சி அங்கே குறைவு. குன்னூரும் 1,850 மீட்டர் உயரம்தான், ஆனால் காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குமேல் இருந்தால் அந்தப் பூச்சிக்குக் கொண்டாட்டம். கொடியை அறைக்குள் கட்டினால் சுவரில் பூசணமும் சேர்ந்து வரும், நான் பிள்ளையின் கட்டிலுக்கு மேலேயே கட்டியிருந்தேன்! இப்போது கொடி சமையலறைப் பக்கம், ஜன்னல் ஒரு சாண் திறந்து, கதவு சாத்தி. நன்றாகப் பிழிந்தால் பாதி வேலை முடிந்தது.

தலையணை உறையையும் விரிப்பையும் பச்சைத் தண்ணீரில் அலசினால் அழுக்கு போகும், பூச்சி சாகாது. அதற்குச் சுமார் 60 டிகிரி சூடு வேண்டும். இரண்டு பங்கு கொதிநீருக்கு ஒரு பங்கு குழாய்த் தண்ணீர், கிட்டத்தட்ட அந்தச் சூடு வந்துவிடும். துணியைக் கம்பால் அமுக்குங்கள், பிள்ளை பக்கத்தில் வரக்கூடாது. கம்பளிக்கு இது ஆகாது, சுருங்கிப்போகும்.

கம்பளியை எடுத்து வைப்பதில்தான் வீட்டில் வாக்குவாதம். “இத்தனை வருஷமா பாச்சை உருண்டை போட்டுத்தானே வச்சோம்?” என்றார் மாமியார். “அலமாரியைத் திறந்ததும் அவன் இருமுறானே அத்தை” என்றேன். அந்த உருண்டையில் இருக்கும் நாப்தலின் மூச்சுக்கு மட்டுமல்ல, ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுக்களைக் காக்கும் ஓர் என்சைம் பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ள குழந்தைக்கு ரத்த அணுக்களையே உடைக்கும். தைலத்தில் நனைத்த பஞ்சு வைக்கலாமே என்றார். நீலகிரித் தைலம் கலந்து ஊறவைத்துத் துவைத்தால் தூசிப் பூச்சி சாகும் என்று 1997-ல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது, ஆனால் இவனுக்கு அந்த நெடியே இருமலைக் கிளப்புகிறது, தவறிக் குடித்தால் சிறு பிள்ளைக்கு விஷம் வேறு. அதனால் துவைத்துக் காயவைத்த கம்பளியை ஜிப் பையில் காற்றுப் புகாமல் போடுகிறோம். தை மாதத்து வெயில் வந்ததும் எல்லாவற்றையும் மதில்மேல் விரித்து, மூன்று மணிக்குப் பனி இறங்குவதற்குள் அத்தையே உள்ளே எடுத்துவிடுகிறார்.