ஸ்மார்ட் மீட்டர் போட்டு எட்டு மாதம்: நல்லதும் கெட்டதும்

லண்டனில் நாங்கள் இருப்பது பழைய செங்கல் வீடு, கரண்ட் மீட்டர் மாடிப்படிக்குக் கீழே அலமாரிக்குள் இருக்கிறது. எட்டு மாதத்துக்கு முன்பு கரண்டுக்கும் கேஸுக்கும் சேர்த்து, ரீடிங்கைத் தானே கம்பெனிக்கு அனுப்பும் ஸ்மார்ட் மீட்டர் போட்டார்கள். காசு வாங்கவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது கூடவே கொடுத்த சின்னத் திரைதான். சமையலறை ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். கெட்டிலைத் தட்டினால் போதும், 300 வாட்டில் நின்ற எண் 3 கிலோவாட்டுக்கு ஏறி, பச்சை விளக்கு சிவப்பாகிவிடும். மாவாட்டும் கிரைண்டர்தான் கரண்டைத் தின்கிறது என்று பத்து வருடமாக நினைத்திருந்தேன், அது ஓடும்போது எண் பெரிதாக அசையவே இல்லை, தின்பது துணி காயவைக்கும் டிரையர்! இப்போது வெயில் அடித்தால் துணி கொடிக்குப் போகிறது. உத்தேசக் கணக்கில் பில் வருவதும் நின்றது.

திரையில்தான் குறையும். மீட்டருக்கும் அதற்கும் நடுவே இருப்பது வைஃபை ஓடும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ, இந்தத் தடித்த சுவர்களைத் தாண்டுவதற்குள் அறுந்துவிடும். மூன்று முறை இப்படி ஆனது, ஒவ்வொரு முறையும் போனில் அரை மணி காத்திருந்தேன்.

அப்புறம், போடுவதா வேண்டாமா என்ற பேச்சு. எங்கள் தெருவில் இது இன்னும் ஓயவில்லை. வந்த கடிதத்தைப் படித்தால் கட்டாயம் என்றே தோன்றும், ஆனால் பிரிட்டனில் பில் கட்டுகிறவர் வேண்டாம் என்று சொல்லலாம், அது உரிமை. பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கதிர்வீச்சு பயம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் ரேடியோ அலைகளை "புற்றுநோய் வரவைக்கக்கூடும்" என்ற 2பி பிரிவில் சேர்த்தது உண்மைதான், ஆனால் அதில் நாம் காதில் வைக்கும் செல்போனும் அடங்கும், மீட்டரால் வருவது பாதுகாப்பு வரம்புக்கு மிகவும் கீழே என்றுதான் இங்குள்ள சுகாதாரத் துறை சொல்கிறது. நான் அதற்குப் பயப்படவில்லை.

என் கவலை வேறு. அரை மணிக்கு ஒருமுறை ரீடிங் போனால் நாம் எப்போது எழுகிறோம், எந்த வாரம் வீடு பூட்டிக் கிடந்தது எல்லாமே அதில் தெரியும். இந்தத் தனியுரிமைக் காரணத்துக்காகவே நெதர்லாந்து மேலவை 2009இல் கட்டாய மீட்டர் மசோதாவை நிறுத்தியது. அரை மணியா, நாளுக்கு ஒன்றா, மாதத்துக்கு ஒன்றா என்று நாம் சொல்லலாம், ஆனால் மீட்டர் போட வந்தவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை, நானே போன் செய்து மாதம் ஒன்று என்று மாற்றினேன். இன்னொன்று, பாக்கி விழுந்தால் கம்பெனி இருந்த இடத்திலிருந்தே மீட்டரை, முன்பணம் கட்டினால்தான் கரண்ட் என்ற முறைக்கு மாற்றிவிட முடியும். கட்டாயமாக அப்படி மாற்றுவதை 2023 பிப்ரவரியில் கரண்ட், கேஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அமைப்பான ஆஃப்ஜெம் நிறுத்திவைக்கச் சொல்ல வேண்டி வந்தது. கையில் காசில்லாத வீட்டுக்கு இது சின்ன விஷயமா?

கலிஃபோர்னியாவில் 2012இல் வேண்டாம் என்றவர்களிடம் 75 டாலரும் மாதம் 10 டாலரும் கேட்டார்கள். மறுப்பதற்குக் கட்டணம் வைத்தால் அது பணக்காரர் உரிமை ஆகிவிடும், இங்கே அப்படி வரவே கூடாது.

அதனால் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன், ரீடிங் எத்தனை நாளுக்கு ஒன்று என்பதை முதலிலேயே கேட்டுப் பதியச் சொல்லுங்கள். அக்கா பழைய மீட்டரையே வைத்திருக்கிறார். மாதக் கடைசியில் நான் டார்ச் அடித்து எண்ணைச் சொல்வேன், அவர் போனில் பதிவார், பில் சரியாகத்தான் வருகிறது.