தோசைக்கு இளஞ்செடார், கடித்துச் சாப்பிட முதிர்ந்த செடார்

கோவை ஆர்.எஸ்.புரத்துப் பெரிய கடைகளில் புராசஸ்டு சீஸ், செடார் என்ற சீஸ் வகையில் இளசான இளஞ்செடார், ஒரு வருஷம் முதிர்ந்த செடார் எல்லாம் பக்கத்துப் பக்கத்திலேயே கிடைக்கின்றன. விலை கூடியதுதான் எல்லாவற்றுக்கும் நல்லது என்று நம்பி அதைத் தோசைமேல் துருவினால் பணமும் போச்சு, தோசையும் போச்சு.

புராசஸ்டு சீஸை முதலிலேயே ஓரங்கட்டிவிடலாம். சீஸை உப்புகள் சேர்த்து உருக்கி அச்சில் ஊற்றியது அது. அந்தச் சூட்டில் நொதிகள் அடங்கிவிடுவதால் அதற்குமேல் முதிராது. பிள்ளைகளின் சாண்ட்விச்சுக்குப் போதும்.

இரண்டு மூன்று மாத இளஞ்செடாரை வெட்டினால் வெட்டிய பக்கம் வழவழவென்று இருக்கும். மெல்லிய துண்டு முறியாமல் வளையும். பாலின் கேசின் புரதம் இன்னும் பெரும்பாலும் உடையாமல் பின்னிக்கிடந்து கொழுப்பைப் பிடித்துவைத்திருக்கிறது. ருசி என்று பார்த்தால் பால்வாசம், லேசான புளிப்பு, அவ்வளவுதான். ஆனால் தோசைக்கல்லில் இதை அடிக்க ஆளில்லை. சூடு பட்டதும் இளகிச் சீராகப் பரவும், பிய்த்தால் இழுபடும்.

ஒரு வருஷச் செடாரில் கத்தி பாதி இறங்குவதற்குள் பொலபொலவென்று உதிரும். பாலை உறைய வைக்கச் சேர்க்கும் ரென்னெட்டும் பாக்டீரியாவின் நொதிகளும் மாதக்கணக்கில் புரதத்தை உடைத்து உடைத்து அமினோ அமிலம்வரை கொண்டுவந்துவிடுகின்றன. அதில் ஒன்றான குளூட்டமிக் அமிலம்தான் விழுங்கிய பிறகும் நாக்கில் நிற்கும் ருசியைத் தருகிறது. பழுத்த தக்காளியிலும் காளானிலும் இருப்பதும் அதுதான். கொழுப்பும் கொஞ்சம் உடைவதால் மணம் சுருக்கென்று ஏறும். மேலே தெரியும் வெள்ளைப் புள்ளிகளைப் பூஞ்சை என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பூஞ்சை மெத்தென்று இருக்கும். விரலில் நறநறவென்று நெருடினால் அது பெரும்பாலும் கால்சியம் லாக்டேட் படிகம். கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையை ஒரு சிட்டிகை தொட்டுக்கொண்டு ஒரு துண்டு சாப்பிட்டுப் பாருங்கள், அந்தக் காரசாரம் இன்னும் எடுப்பாகத் தெரியும்.

இதே முதிர்ச்சிதான் கல்லில் காலை வாரிவிடுகிறது. துண்டு துண்டான புரதத்தால் கொழுப்பைப் பிடித்துவைக்க முடியாமல் எண்ணெய் தனியாகப் பிரியும், மிச்சம் திப்பிதிப்பியாக நிற்கும். ருசியும் வேண்டும், இழுபடவும் வேண்டும் என்றால் முக்கால் பங்கு இளசு, கால் பங்கு முதிர்ந்தது கலந்து துருவுங்கள். என் வீட்டில் இதுதான் அளவு.

இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ் குறைந்தது 12 மாதம் முதிர வேண்டும், 24 மாதத்தையும் தாண்டிப் போவதுண்டு. ருசியில் செடாரை விட ஒரு படி மேல்தான். ஆனால் அதைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் போட்டுத்தான் உறைய வைப்பார்கள். சைவக் குடும்பங்கள் பச்சைப் புள்ளி போட்ட செடாரோடு நின்றுகொள்வது நல்லது.

அப்புறம், இளசை வாங்கி வீட்டிலேயே முதிர வைக்கலாமா என்று கேட்கிறார்கள். செடார் முதிர ஏறக்குறைய 8 முதல் 12 டிகிரி குளிர் வேண்டும். குன்னூர் மலைக்காற்று அதற்குக் கொஞ்சம் கைகொடுக்கும், ஈரோட்டு வெயில் கொடுக்காது. ஃபிரிட்ஜின் 4 டிகிரியில் முதிர்ச்சி ஆமை வேகம்தான். வெட்டிய துண்டு அதற்குள் காய்ந்துவிடும், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். எந்த வயசு வேண்டுமோ அந்த வயசிலேயே சின்னத் துண்டாக வாங்கி, பிரித்த பத்து நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.